சாளைக்குக் கேமரா மாட்டும் முன் வயரைப் பற்றி யோசியுங்கள்

எங்கள் பக்கம் இப்போது எந்தத் தோட்டத்துச் சாளைக்கு (தோட்டத்து வீட்டுக்கு) போனாலும் வாசல் தூணிலோ மோட்டார் ரூம் சுவரிலோ ஒரு கேமரா கண்ணில் படுகிறது. ஏன் என்று யாரும் கேட்பதில்லை. 2024 நவம்பரில் பல்லடம் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பேரைக் கொன்றுவிட்டார்கள். 2025-ல் ஈரோடு மாவட்டம் சிவகிரி பக்கத்தில் தோட்டத்தில் தனியாக இருந்த வயதான தம்பதிக்கும் அதே கதி. அந்தச் செய்திகளுக்குப் பிறகு கோவையிலும் பெங்களூரிலும் வெளிநாட்டிலும் வேலை பார்க்கிற பிள்ளைகள் பலருக்குத் தூக்கம் போய்விட்டது. எனக்கும்தான். காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவே எங்கள் சாளை. ரோட்டுக் கேட்டிலிருந்து இட்டேரி (இரண்டு வேலிக்கு நடுவே போகிற தடம்) வழியாக வாசலுக்கு வர நூறு மீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். அங்கே அப்பாவும் அம்மாவும் மட்டும் இருக்கிறார்கள்.

கேமரா கடைக்குப் போகிற எல்லாரும் முதலில் கேட்பது எத்தனை மெகாபிக்சல், ராத்திரியில் கலரில் தெரியுமா, போனில் பார்க்கலாமா என்பதைத்தான். கடைக்காரரும் அதற்குத்தான் பதில் சொல்கிறார். இந்தக் கேமராவுக்குக் கரண்ட் எங்கிருந்து வரும், எந்த வயரில் வரும், எவ்வளவு தூரம் வரும், கரண்ட் போனால் என்ன ஆகும் என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. டவுனில் முப்பதுக்கு நாற்பது மனையில் கட்டிய வீட்டில் அதைக் கேட்காவிட்டாலும் ஓடிவிடும். தோட்டத்தில் ஓடாது. இங்கே பழுதாகிறவற்றில் பாதிக்கு மேல் கேமராவின் பழுதே கிடையாது, வயரும் கரண்டும் செய்கிற வேலை என்பதுதான் என் அனுபவம்.

பக்கத்துத் தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மாடு கட்டுகிற கட்டுத்தரைப் பக்கம் மாட்டிய கேமரா பகல் முழுக்கத் தெளிவாகத் தெரியும். பொழுது சாய்ந்து இருட்டியதும் படம் நடுங்கும், போகும், வரும், மறுபடி போகும். மாட்டிக் கொடுத்தவர் கேமராவை மாற்றினார், அப்புறம் டிவிஆரை (படம் பதிவாகிற பெட்டியை) மாற்றினார். ஒன்றும் சரியாகவில்லை. வோல்டேஜ் அளக்கிற மல்டிமீட்டரை எடுத்துப் போய்க் கேமரா முனையில் வைத்துப் பார்த்தால் காரணம் அங்கேயே எண்ணாக நின்றது.

கணக்கு இதுதான். நம் ஊரில் கேமராவுக்கு அதிகம் இழுப்பது 3+1 கேபிள். நடுவில் படத்துக்கு டிவி கேபிள் மாதிரி ஒரு கோஆக்சியல், கூடவே மெல்லிசாக மூன்று கம்பி. அதில் இரண்டு கம்பி வழியாக 12 வோல்ட் போகிறது. அந்தக் கம்பி 0.2 ஸ்கொயர் எம்எம் அளவு என்று வைத்துக்கொண்டால், நல்ல செம்பாகவே இருந்தாலும், 60 மீட்டருக்குப் போக வர 120 மீட்டர், சுமார் 10 ஓம் தடை. பகலில் கேமரா 0.2 ஆம்பியர் எடுத்தால் வழியிலேயே 2 வோல்ட் போய்விடும். மீதி 10 வோல்ட்டில் கேமரா எப்படியோ ஓடும். இருட்டியதும் ஐஆர் விளக்குகள் (கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்குகள்) எரியும், 0.5 ஆம்பியர் கேட்கும். இப்போது வழியில் போவது 5 வோல்ட். கேமராவுக்குக் கிடைப்பது 7. கேமரா அணையும். அணைந்ததும் இழுவை குறைந்து வோல்டேஜ் ஏறும், மறுபடி எரியும், மறுபடி அணையும். திருடன் வருகிற நேரத்தில்தான் கேமரா சாகிறது. அதுவும் கேபிள் செம்புப் பூச்சுப் பூசிய அலுமினியமாக இருந்தால் தடை இன்னும் ஒன்றரை மடங்குக்கு மேல் போகும். விலை குறைவாக வருகிற கேபிள்களில் அது நிறைய இருக்கிறது. முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம்.

இது நம் ஆட்களுக்குத் தெரியாத விஷயமே கிடையாது. ஆயிரம் அடி போருக்குச் சப்மெர்சிபிள் மோட்டார் இறக்குகிற எந்த விவசாயியும் கேபிள் எத்தனை ஸ்கொயர் என்று கேட்காமல் வாங்க மாட்டார். மெலிசான கேபிளைப் போட்டால் மேலே வோல்டேஜ் இருந்தும் அடியில் மோட்டாருக்குப் போய்ச் சேராது, மோட்டார் சுருள் கருகும் என்பது அவருக்கு அத்துப்படி. ஊரெல்லாம் மோட்டார் செய்தும் ரீவைண்டிங் பண்ணியும் பிழைக்கிற கொங்கு நாடு இது. அதே மனிதர் கேமராவுக்கு வரும்போது, "சின்னச் சாமானுங்க, இதுக்கு என்ன கரண்டு வேணும்" என்று எந்த வயர் கிடைத்தாலும் சரி என்கிறார். சின்னச் சாமான் என்பதால்தான் சிக்கலே. 230 வோல்ட்டில் 5 வோல்ட் போனால் யாருக்கும் தெரியாது. 12 வோல்ட்டில் 5 போனால் கிட்டத்தட்டப் பாதி போச்சு.

அதனால் எங்கள் சாளைக்கு பிஓஇ (பவர் ஓவர் ஈதர்நெட்) என்று முடிவு செய்தேன். கம்ப்யூட்டர் நெட்வொர்க்குக்குப் போடுகிற கேட்6 கேபிள் ஒன்றிலேயே படமும் கரண்டும் போகிற முறை. இதற்கான முதல் தரநிலை 2003-ல் வந்தது, 802.3ஏஎஃப் என்று பெயர். கேபிள்களைச் சொருகுகிற நெட்வொர்க் சுவிட்ச் பெட்டியின் ஒரு போர்ட் 15.4 வாட் வரை தரும், வழியில் போனது போகக் கேமராவுக்கு 12.95 வாட் உறுதி. 2009-ல் வந்த ஏடி தரநிலையில் அது 30 வாட், 25.5 வாட். முக்கியமான விஷயம் வோல்டேஜ்தான், 48 வோல்ட் பக்கம். அதே 6 வாட் கேமராவுக்கு 12 வோல்ட்டில் 0.5 ஆம்பியர் வேண்டும், 48 வோல்ட்டில் 0.125 போதும். அதே 60 மீட்டரில் இரண்டு இரண்டு கம்பியாகச் சேர்ந்து போகும்போது வழியில் இழப்பது சுமார் 0.6 வோல்ட். 48-ல் 0.6 போனால் அது ஒரு இழப்பே இல்லை.

கடையில் பிஓஇ சுவிட்ச் வாங்கும்போது ஒன்றை மட்டும் விடாமல் பாருங்கள். தரநிலைப்படி வேலை செய்கிற சுவிட்ச், எதிர்முனையில் இருப்பது பிஓஇ சாமானா என்று முதலில் சின்ன வோல்டேஜ் விட்டுச் சோதிக்கும். அந்தப் பக்கம் 25 கிலோ ஓம் தடை தெரிந்தால்தான் முழுக் கரண்டையும் திறந்துவிடும். லேப்டாப்பைத் தெரியாமல் சொருகினாலும் ஒன்றும் ஆகாது. பாஸிவ் என்று மலிவாகக் கிடைப்பதில் இந்தச் சோதனை கிடையாது, எது சொருகினாலும் வோல்டேஜைத் தள்ளும். அட்டைப் பெட்டியில் 48 வோல்ட் என்று மட்டும் போட்டு, 802.3 என்ற எண் எங்கேயும் இல்லையென்றால் கீழே வைத்துவிடுங்கள். இன்னொன்று, எட்டு போர்ட் இருக்கிறது என்பதால் எட்டுக்கும் முழுக் கரண்ட் வரும் என்று அர்த்தம் இல்லை. மொத்தம் இவ்வளவு வாட் என்று ஒரு எல்லை இருக்கும். ராத்திரியில் எல்லாக் கேமராவும் விளக்குப் போடும் நேரத்துக்கு அந்தக் கூட்டலைப் போடுங்கள். வெள்ளை விளக்கு எரிகிற கலர் கேமராக்கள் கூடுதலாகவே இழுக்கும்.

இனி காலிங் பெல். இதில்தான் நான் அதிக நேரம் யோசித்தேன், ஏனென்றால் எங்களுக்கு ஒன்று போதாது. ரோட்டுக் கேட்டில் ஒன்று, முன்வாசலில் ஒன்று, கட்டுத்தரைப் பக்கத்துப் பின்வாசலில் ஒன்று. விடிகாலையில் பால் எடுக்க வருகிறவர் பின்பக்கம்தான் வருவார். தேங்காய் வியாபாரி கேட்டில் நின்று கூப்பிடுவார். ஒறம்பரை (சொந்தக்காரர்கள்) முன்வாசலுக்கு வருவார்கள்.

அமெரிக்காவில் இருக்கிற மச்சான் லீவுக்கு வந்தபோது இரண்டு வீடியோ டோர்பெல் வாங்கி வந்தார். நல்ல சாமான். ஆனால் அங்கே வீடு கட்டும்போதே காலிங் பெல்லுக்கென்று ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் வைத்துவிடுகிறார்கள். வீட்டுக் கரண்டான 120 வோல்ட்டை அது 16 முதல் 24 வோல்ட் ஏசியாகக் குறைத்துத் தரும். அந்த டோர்பெல்கள் அதை நம்பிச் செய்யப்பட்டவை. நம் வீடுகளில் பெல் சுவிட்ச் வரை வருவது நேரடியாக 230 வோல்ட். பழைய சுவிட்சைக் கழற்றி அதே இரண்டு வயரில் இதை மாட்டினால் சாமானும் போகும், மாட்டுகிறவர் உயிருக்கும் ஆபத்து. இந்த ஒரு வரியையாவது வெளிநாட்டிலிருந்து டோர்பெல் வந்திருக்கிற வீடுகளில் சொல்லிவிடுங்கள்.

மாட்ட முடியாது என்று இல்லை. வீட்டு ஃபியூஸ்கள் இருக்கிற டிபி பெட்டிக்குள் ஒரு பெல் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து, அங்கிருந்து புது வயர் இழுத்தால் போதும். ஒன்றுக்கு மேற்பட்ட டோர்பெல் என்றால் விஏ என்று எழுதியிருக்கிற அளவை (வாட் மாதிரி, எவ்வளவு இழுக்கும் என்ற கணக்கு) கூட்டிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு டோர்பெல்லுக்கும் 10 விஏ, உள்ளே அடிக்கிற மணிக்குக் கொஞ்சம் என்றால், 10 விஏ டிரான்ஸ்ஃபார்மரில் இரண்டு டோர்பெல்லைத் தொங்கவிட்டால் பகலில் ஓடும், ராத்திரியில் யாராவது பொத்தானை அழுத்தும் அந்த நொடியில் வோல்டேஜ் விழுந்து டோர்பெல் அணைந்து எரியும். 30 அல்லது 40 விஏ போடுங்கள். போதவில்லை என்று இரண்டு டிரான்ஸ்ஃபார்மரை ஒன்றாக இணைத்துவிடாதீர்கள், முனை மாறிப்போனால் ஒன்றை ஒன்று சுட்டுவிடும். வேண்டுமானால் டோர்பெல்லுக்கு ஒன்று என்று தனித்தனியாக வையுங்கள். ஒன்று பழுதானால் மற்றது ஓடும், எது பழுது என்று கண்டுபிடிக்கவும் சுலபம்.

பேட்டரி டோர்பெல் பற்றியும் கேட்பார்கள். வயரே வேண்டாம், ஆணி அடித்தால் போதும். அடுக்குமாடி வீட்டில் நிழலான நடையில் அது சரி. தோட்டத்துக் கேட்டில் வைத்தால் ரோட்டில் போகிற ஒவ்வொரு வண்டிக்கும் விழித்துக்கொள்ளும், பேட்டரி சீக்கிரம் இறங்கும். சித்திரை வெயிலில் கேட் தூண் கொதிக்கும், லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, எழுபது தாண்டிய ஒருவர் குட்டி ஸ்க்ரூடிரைவரைத் தேடி எடுத்து அதைக் கழற்றிச் சார்ஜ் போட்டு மறுபடி மாட்ட வேண்டும். சார்ஜ் ஏறுகிற நேரம் முழுக்கக் கேட்டில் பெல் இல்லை. பெற்றோர் தனியாக இருக்கிற வீட்டுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

கடைசியில் மூன்று இடத்துக்கும் பிஓஇ டோர்பெல்லே போட்டோம். மச்சான் கொண்டுவந்ததைக் கோவை வீட்டுக்கு டிரான்ஸ்ஃபார்மரோடு மாட்டிக்கொண்டேன். அப்பா கேட்டது ஒன்றே ஒன்று. "ஏஞ்சாமி, பெல் அடிச்சா எனக்குக் காதுல கேக்கோணும். போன்ல வந்து என்ன பண்றது, போன் ஒரு பக்கம் கெடக்கும், நானொரு பக்கம் இருப்பேன்." அதுதான் சரியான கேள்வி. இன்டர்நெட் வழியாகச் சுற்றிப் போனுக்கு வருகிற பெல், பிள்ளைகளுக்கு. வீட்டுக்குள் இருப்பவருக்கு நெட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மணி அடிக்க வேண்டும். வாங்கும்போது ரிலே (கரண்டால் இயங்குகிற குட்டி சுவிட்ச்) வெளிமுனை இருக்கிற டோர்பெல்லாகப் பார்த்து வாங்கினோம். பொத்தானை அழுத்தினால் அந்த ரிலே ஒரு 12 வோல்ட் லைனை மூடும், அந்த லைன் வீட்டுக்குள் இன்னொரு ரிலேயை இழுக்கும், ஆசாரத்தில் (முன்கூடத்தில்) இருக்கிற பழைய 230 வோல்ட் மணி கணீரென்று அடிக்கும். கேட் வரை 230 வோல்ட்டைப் பெல்லுக்காகக் கொண்டுபோக வேண்டியதில்லை, மழையில் நனைந்த கேட்டைத் தொட்டு யாரும் ஷாக் வாங்க வேண்டியதும் இல்லை.

கேட்தான் பெரிய வேலை. பிஓஇ-க்கும் ஈதர்நெட்டுக்கும் 100 மீட்டர்தான் எல்லை. சில சுவிட்சுகளில் வேகத்தைக் குறைத்து 250 மீட்டர் வரை ஓட்டுகிற பொத்தான் இருக்கிறது, ஆனால் எங்கள் பக்கம் அதை நம்பி நீளமாகச் செம்புக் கேபிள் இழுக்க எனக்கு மனம் வரவில்லை. காரணம் இடி. சித்திரை வைகாசிக் கோடை மழையும் ஐப்பசி மழையும் இங்கே இடியோடுதான் வரும். உச்சியில் கருகி நிற்கிற தென்னை இல்லாத தோட்டம் உண்டா? இடி நேராக விழ வேண்டியதில்லை, பக்கத்தில் எங்கோ விழுந்தாலே மண்ணுக்குள் போகிற நீளமான செம்புக் கம்பியில் வோல்டேஜ் ஏறி, ஒரு முனையில் டோர்பெல்லையும் மறுமுனையில் சுவிட்சையும் படம் பதிவாகிற என்விஆர் பெட்டியையும் சேர்த்துச் சுட்டுவிடும்.

ஃபைபரில் அந்தப் பயம் இல்லை, கண்ணாடி இழை கரண்டைக் கடத்தாது. நம் ஊர் கேபிள்காரர்கள் போஸ்ட் போஸ்டாக இழுத்துக்கொண்டு போகிற அதே டிராப் ஃபைபர் மீட்டர் சில ரூபாய்தான். அதில் வலுவுக்காக ஓடுகிற இரும்புக் கம்பியை மட்டும் இரண்டு முனையிலும் சாமானுக்கு முன்பே வெட்டிவிட வேண்டும். இரண்டு முனையிலும் ஃபைபரையும் செம்புக் கேபிளையும் இணைக்கிற ஒரு மீடியா கன்வெர்ட்டர். கேபிள்காரத் தம்பியே வந்து இழையை ஒட்டி ஸ்பிளைஸ் பண்ணிக் கொடுத்தார். கேட் பெல்லின் சேதி மட்டும், மற்ற இரண்டைப் போல ரிலே வயரில் வராமல், இந்த ஃபைபரிலேயே வந்து என்விஆரின் அலாரம் முனை வழியாக மணியை அடிக்கிறது.

சரி, ஃபைபரில் கரண்ட் போகாதே. கேட்டுக்குக் கரண்ட் எங்கிருந்து? சோலார் வைத்தோம். டோர்பெல், ஒரு கேமரா, கன்வெர்ட்டர், குட்டி பிஓஇ சுவிட்ச் எல்லாம் சேர்ந்து 15 வாட் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 360 வாட் அவர் (வாட்டை மணி நேரத்தால் பெருக்கிய கணக்கு). எங்கள் பக்கத்து வெயிலில் நாளைக்கு நான்கைந்து மணி நேர முழு வெயில் கணக்குப் பண்ணலாம், இழப்பெல்லாம் போக 150 வாட் பேனல் இதைத் தாங்கும். பேட்டரியில்தான் கஞ்சம் பிடிக்கக் கூடாது. ஐப்பசியில் இரண்டு நாள் மேகம் மூடாக்குப் போட்டால் 720 வாட் அவர் சேமிப்பிலிருந்து வர வேண்டும். 12 வோல்ட் 75 ஆம்பியர் அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி அதற்குப் போதும். அதே லெட் ஆசிட் என்றால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, இரண்டு மடங்கு வேண்டும்.

எர்த் இல்லாமல் இதெல்லாம் வீண். பழைய எர்த் குழியைத் தோண்டிப் பார்த்தால் பைப் துருப்பிடித்து உதிர்ந்திருந்தது. புதுக் குழி எடுத்துக் கரியும் உப்பும் போட்டு, வெயில் காலத்தில் தண்ணீர் ஊற்ற வாய் வைத்து மூடினோம். காங்கேயம் பக்கத்து மண் காய்ந்தால் எர்த்தும் காய்ந்துவிடும். சுவிட்ச், என்விஆர், இன்வெர்ட்டர் எல்லாம் அந்த ஒரே எர்த்தில் சேர வேண்டும். வீட்டுக்கு ஒன்று, கேமராவுக்கு ஒன்று என்று இரண்டு குழியைத் தனித்தனியாக விட்டால், இடி விழும் நேரத்தில் இரண்டுக்கும் நடுவே வருகிற வோல்டேஜ் வித்தியாசமே சாமானைக் கொல்லும்.

இனி பவர் கட். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் நிறுத்தினால் சாயங்காலம்தான் வரும். சுழல்காற்று அடித்து லைனில் மட்டை விழுந்தால் ராத்திரி முழுக்கவும் போகலாம். கேமரா, டோர்பெல், சுவிட்ச், என்விஆர், நெட் மோடம் எல்லாம் சேர்த்து வீட்டுப் பக்கம் 60 வாட் பக்கம் வருகிறது. 150 ஆம்பியர் அவர் பேட்டரியில் இருப்பது 1800 வாட் அவர். இன்வெர்ட்டர் தின்பதும் பேட்டரியின் ஆயுளும் போக ஆயிரம் கிடைக்கும் என்று வைத்தால் பதினைந்து மணி நேரம் தாங்கும். ஆனால் அதே இன்வெர்ட்டரில் ஃபேனும் டிவியும் ஓடினால் இந்தக் கணக்கு நிற்காது. அதனால் கேமராவுக்கென்று தனி இன்வெர்ட்டர் வைத்துவிட்டேன். பின்பக்கம் யூபிஎஸ் மோடு என்று ஒரு பொத்தான் இருக்கும், அதைப் போட்டுவிடுங்கள். போடாவிட்டால் கரண்ட் மாறுகிற இடைவெளியில் என்விஆர் அணைந்து எரியும், அந்தச் சில நிமிடம் பதிவு இருக்காது. கரண்டை நிறுத்திவிட்டு வேலியைத் தாண்டுகிறவனுக்கு அந்தச் சில நிமிடமே போதும்.

அம்மாவின் கவலை வேறு. "ஏங்கண்ணு, ராத்திரி பகலா எரிஞ்சுட்டே இருக்குதே, கரண்டு பில்லு ஏறாதா?" ஏறும். 60 வாட் என்றால் ஒரு நாளைக்கு ஒன்றரை யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு, இரண்டு மாத பில்லுக்கு 86 யூனிட். அரசு இலவசமாகக் கொடுக்கிற யூனிட்டில் ஒரு பெரிய பங்கை இதுவே தின்றுவிடும். அம்மாவிடம் அப்படியே சொன்னேன். ஆசாரத்து மஞ்சள் பல்பு இரண்டையும் எல்இடி ஆக்கிவிட்டார்.

மயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் மயில் இல்லாத தோட்டம் கிடையாது, கேமரா நிற்கிற கம்பியில்தான் வந்து உட்காரும். வெளியே தொங்குகிற கேபிள் எதுவானாலும் மயில் மிதிக்கும், அணில் கடிக்கும், ஆடிக் காற்று சுவரில் உரசித் தேய்க்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மூன்று மாதம் விடாமல் அடிக்கிற இடம் இது, மெலிந்த கம்பியில் கேமரா வைத்தால் படம் முழுக்க ஆடிக்கொண்டே இருக்கும், போனுக்கு அறிவிப்பு வந்துகொண்டே இருக்கும். கேபிளைத் தோட்டத்தில் மீந்து கிடக்கிற கறுப்பு ஓஸ் பைப்புக்குள் விட்டு இரண்டடி ஆழத்தில் புதைத்தோம், மோட்டார் கேபிள் போகிற பள்ளத்திலிருந்து ஒரு அடியாவது தள்ளி. கேமராவோடு வருகிற இணைப்பு முனையை வெளியே தொங்கவிடாமல் ஜங்ஷன் பாக்ஸுக்குள் வையுங்கள். மழைத் தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே போனாலும், 48 வோல்ட் டிசி ஓடுகிற பின் பச்சை பூத்து அரித்துவிடும். கேபிளைப் பெட்டிக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலே ஏற்றினால் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். பெட்டியின் ஓட்டைகளை எல்லாம் அடைத்துவிடுங்கள், பல்லிக்கும் எறும்புக்கும் கதகதப்பான இடம் என்றால் போதும்.

அடுத்து ஆட்டுப் பட்டிக்கும் களத்துக்கும் கேமரா வேண்டும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அதற்குப் பள்ளம் தோண்ட வேண்டியதில்லை. பைப்பை மூடும் முன்பே இரண்டு பக்கமும் கூடுதலாக ஒவ்வொரு கேட்6 கேபிளும் ஒரு நைலான் கயிறும் விட்டு, இரண்டு முனையிலும் பெயிண்டால் எண் எழுதி வைத்தாயிற்று. தை மாத லீவுக்குப் போகும்போது மாட்டிக்கொள்ளலாம்.